கைப்பேசியில் வாசிக்கும் மாணவருக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?



தேர்வு நெருங்கும் காலத்தில் நம் ஆசிரியர்கள் பலர் இரவு உட்கார்ந்து குறிப்பு தயாரிக்கிறார்கள். இலக்கணம், கட்டுரை, கருத்துணர்தல், செய்யுள் விளக்கம் என எல்லாம் கோப்பாகிப் புலனக் குழுவுக்குப் போகிறது. "நன்றி ஐயா", "நன்றி டீச்சர்" என்று பதிலும் வரிசையாக வந்துவிடும். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தவர்கள் எத்தனை பேர்? குறிப்பில் விஷயம் இல்லாமல் இல்லை. வாசிக்க முடியாதபடி இருக்கிறது, அவ்வளவுதான்.

திரையில் தமிழை எப்படி எழுதினால், எப்படி அடுக்கினால் வாசிப்பவருக்குச் சுலபமாக இருக்கும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். இதற்குப் பெரிய கணினி அறிவு வேண்டாம். தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

யாருக்காக எழுதுகிறோம்?

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், தமிழ்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இடைநிலைப்பள்ளியில் கற்பிக்கும் நமக்கு இந்த 15 என்ற எண் நன்றாகத் தெரியும். அந்த எண் சேராத பள்ளி இருக்கலாம். சேர்ந்தும் கால அட்டவணைக்குள் வகுப்பு அமையாத பள்ளியும் இருக்கலாம். அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கும் மாணவர் பிற்பகல் வகுப்பையோ, வார இறுதி வகுப்பையோ, டியூஷனையோ நம்பித்தான் எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்கிறார். மூவாரிலிருந்து கோத்தா திங்கி வரை பரந்து கிடக்கும் ஜொகூரில் அந்த வகுப்புகளுக்குப் போய் வருவதே ஒரு வேலை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பாடமெல்லாம் கைப்பேசிக்குள் வந்தது. பள்ளிகள் மறுபடி திறந்த பிறகும் குறிப்பு பகிரும் பழக்கம் போகவில்லை. அது நல்லதுதான். தமிழாசிரியர் இல்லாத நேரத்தில் அந்த மாணவர் கையில் இருப்பது நாம் அனுப்பிய குறிப்பு மட்டும்தான். அது புரியாவிட்டால் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. "தமிழ் கஷ்டம், வேண்டாம்" என்ற முடிவுக்கு அவர் வருவதற்கு இது ஒரு காரணமாகிவிடக் கூடாது. வாசிக்கச் சுலபமான குறிப்பு என்பது அழகுக்காகச் செய்கிற வேலை அல்ல என்று சொல்வது இதனால்தான்.

கண் திரையில் என்ன செய்கிறது?

இணையப் பக்கங்களை மக்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 1997இல் எழுதினார். அவர் சோதித்தவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே.

அதே ஆய்வில் ஒரே தகவலைப் பல வடிவங்களில் எழுதிச் சோதித்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்த வடிவம் 58 விழுக்காடு கூடுதல் பயன் தந்தது. சொற்களைப் பெரிதாகக் குறைக்காமல், கண் மேய்வதற்கு ஏற்றபடி அடுக்கிய வடிவம் 47 விழுக்காடு. சொல்லைக் குறைத்து, நன்றாக அடுக்கி, மிகைப்பேச்சையும் நீக்கியபோது அது 124 விழுக்காடு வரை போனது. அது ஆங்கிலப் பக்கங்களை வைத்துச் செய்த ஆய்வு. ஆனாலும் நம் மாணவர் கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் புதிதாகத் தெரியாது.

தமிழுக்கு இதில் கூடுதலாக ஒரு சிரமம் உண்டு. நம் மொழி ஒட்டுமொழி. வேற்றுமை உருபு, இடைநிலை, துணைவினை எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே சொல்லாகும். "எழுதிக்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரு சொல்லில் 14 எழுத்துகள். ஏ4 தாளில் அது ஒரு மூலையில் அடங்கிவிடும். கைப்பேசியில் அதுவே வரியில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வரிக்கு மூன்று, நான்கு சொற்கள்தான் வரும். தாளில் ஐந்து வரியாக இருந்த பத்தி, கைப்பேசியில் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்ததுமே மாணவர் தள்ளிவிட்டுப் போகிறார் என்றால் அது சோம்பல் மட்டும் இல்லை.

நம் முன்னோர் செய்த வேலைதான்

"எல்லாவற்றையும் எளிதாக்கினால் தமிழின் தரம் என்னாவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் நம் மொழியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் அறிய வேண்டும். வீரமாமுனிவர் (1680–1747) அந்தக் குறிலையும் நெடிலையும் கண்ணாலேயே பிரித்தறியும்படி வரிவடிவத்தை மாற்றினார். நாம் இன்று எழுதும் இரட்டைக்கொம்பு அப்படி வந்ததுதான். யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார். நிறுத்தக்குறிகள் இட்ட, படிக்க எளிய உரைநடையை அச்சில் பரப்பியவர்களில் அவர் முதன்மையானவர். பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட சீர்திருத்த எழுத்துகளில் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. துதிக்கை போல வளைந்த பழைய ணை, லை, ளை, னை அதோடு மாறின. நம் மலேசியப் பாடநூல்களிலும் இன்று அந்தப் புதிய வடிவம்தான்.

ஓலையிலிருந்து அச்சுக்கு வந்தபோது வாசிப்பவரின் கண்ணுக்காக எழுத்தை மாற்றினார்கள். இலக்கணம் குறையவில்லை, வாசிப்பவர்கள்தான் கூடினார்கள். இப்போது அச்சிலிருந்து திரைக்கு வந்திருக்கிறோம். நம் முறை.

பத்தியை உடையுங்கள், ஒற்றை உடைக்காதீர்கள்

முதலில் சொல்லளவில் பார்ப்போம். சில இடங்களில் சந்தியைப் பிரித்து எழுதினால் பொருள் மாறாது, வாசிப்பும் சுலபமாகும்.

• பள்ளியிலுள்ள – பள்ளியில் உள்ள
• அதனாலேற்பட்ட – அதனால் ஏற்பட்ட
• வந்ததென்றும் – வந்தது என்றும்

இங்கெல்லாம் வருமொழியின் முதலில் உயிரெழுத்து இருக்கிறது. தாராளமாகப் பிரிக்கலாம்.

ஆனால் வல்லின ஒற்று விஷயத்தில் கை வைக்கக் கூடாது. "வேலை கொடு" என்றால் ஒருவருக்குப் பணி தரச் சொல்கிறோம். "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைத் தரச் சொல்கிறோம். "தந்த பலகை" யாரோ கொடுத்த பலகை. "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் ஆனது. கைப்பேசியில் வேகமாகத் தட்டும்போது இந்த ஒற்று முதலில் காணாமல் போகும். மாணவர் குறிப்பில் பார்ப்பதைத்தான் விடைத்தாளில் எழுதுவார். குறிப்பில் ஒற்று விட்டுப்போனால் அங்கேயும் விட்டுப்போகும்.

துணைவினையையும் கவனியுங்கள். "சொல்லிக்கொடுத்தார்" என்றால் கற்பித்தார். "சொல்லிக் கொடுத்தார்" என்றால் ஏதோ சொல்லிவிட்டு ஒன்றைக் கொடுத்தார். வரி நீளமாகிறது என்பதற்காக இப்படிப்பட்ட சொல்லின் நடுவில் இடைவெளி விட வேண்டாம்.

ஆக, குறைக்க வேண்டியது வாக்கியத்தின் நீளத்தை. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. ஒரு பத்தியில் மூன்று, நான்கு வாக்கியம் போதும்.

ஒரே விதி, இரண்டு வடிவம்

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். வலிமிகுதல் பற்றிய குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ வெளிப்படையாக வருமிடத்தும் நான்காம் வேற்றுமை உருபாகிய கு வெளிப்படையாக வருமிடத்தும் வருமொழி க, ச, த, ப ஆகிய வல்லின எழுத்துகளுள் ஒன்றை முதலாகக் கொண்டிருக்குமாயின் வலிமிகும் என்பதும், கதவைத் திற, கடைக்குப் போ என்பன அதற்கு எடுத்துக்காட்டுகளாகும் என்பதும், மூன்றாம் வேற்றுமை உருபாகிய ஓடு வருமிடத்து வலிமிகாது என்பதும், நண்பனோடு போ என்பது அதற்கு எடுத்துக்காட்டாகும் என்பதும் மாணவர்கள் நினைவிற்கொள்ளத்தக்கனவாகும்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே வாக்கியம். வினைமுற்று கடைசியில்தான் வருகிறது. அதுவரை மாணவர் எல்லாவற்றையும் மனத்தில் சுமக்க வேண்டும். இதையே இப்படி எழுதலாம்:

வலிமிகுமா, மிகாதா?
அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும் இந்தக் கேள்வி எழும்.

1. ஐ உருபுக்குப் பின் மிகும்.
கதவு + ஐ: கதவைத் திற.

2. கு உருபுக்குப் பின் மிகும்.
கடை + கு: கடைக்குப் போ.

3. ஓடு உருபுக்குப் பின் மிகாது.
நண்பன் + ஓடு: நண்பனோடு போ.

என்ன மாறியது, பாருங்க. எந்த விதியும் விடுபடவில்லை. தலைப்பு மாணவரின் சந்தேகத்தையே கேள்வியாக வைக்கிறது. பொது நிபந்தனை முதலிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு விதியும் அதன் எடுத்துக்காட்டோடு நிற்கிறது. எண் இருப்பதால் "ஐயா, மூன்றாவது புரியல" என்று மாணவர் குழுவில் கேட்கவும் முடியும். "இரண்டாம் வேற்றுமை", "நான்காம் வேற்றுமை" என்ற கலைச்சொற்கள் தேர்வுக்கு வேண்டுமென்றால் கீழே தனியாக ஒரு வரி சேர்க்கலாம்.

எழுத்து சரியாகப் போய்ச் சேர்கிறதா?

பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியிருப்பார்கள். பாமினி போன்றவை அப்படித்தான். அதே எழுத்துரு மாணவரின் கருவியில் இல்லையென்றால் அவர் பார்ப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறி இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. அதனால் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

இந்தத் துறையில் நம் நாட்டுக்குப் பெருமை உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் வழியாகத்தான் நம்மில் பலர் கணினியில் தமிழ் தட்டக் கற்றோம். கைப்பேசிக்கான அவருடைய செல்லினம் 2005இல் வந்தது. ஆகவே "என்னிடம் தமிழ் தட்டும் வசதி இல்லை" என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழைய எழுத்துருவில் சேர்த்து வைத்த கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகு பகிருங்கள். மாற்றியதும் ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள்.

ஒருங்குறியில் தட்டும்போதும் இரண்டு பிழைகள் அடிக்கடி வருகின்றன.

• ஔவையார், ஒளவையார். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முதலாவதில் ஔ ஒரே எழுத்து. இரண்டாவதில் ஒ, ள என இரண்டு எழுத்து. மாணவர் "ஔவையார்" என்று தேடினால் இரண்டாவது கிடைக்காது.

• ர் என்ற எழுத்துக்குப் பதிலாகத் துணைக்காலின் மேல் புள்ளி வைப்பது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தேடலிலும், எழுத்தைப் படித்துக்காட்டும் செயலியிலும் கோளாறு செய்யும்.

பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள் அந்தச் செயலிகளைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். வெண்பலகையைப் படம் பிடித்து அனுப்பினால் அவர்களுக்கு அதில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். மற்றவர்களும் படத்தில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எழுத்தை மட்டும் பெரிதாக்கவும் முடியாது. படம் அனுப்பினால் கீழே அதன் சாரத்தை எழுத்தாகவும் போடுங்கள்.

இடைவெளி, நிறம், கோடு

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் சில அளவுகள் உள்ளன. பொதுவாக, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று இருக்க வேண்டும். அதன் உயர்நிலைப் பரிந்துரைகளில் வரி இடைவெளி ஒன்றரை மடங்கு, இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டக் கூடாது என்பவையும் உண்டு. தமிழுக்கு இவை ரொம்பப் பொருந்தும்.

வரி இடைவெளி: கி, கீ மேலே வளையும். கு, து, மூ கீழே இறங்கும். வரிகள் நெருங்கினால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். வேர்டில் 1.5 இடைவெளி வையுங்கள்.

ஓரம்: இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் போதும். இரு பக்கமும் சமமாக்கினால், நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள் விழும்.

நிறம்: வெள்ளையில் கறுப்பு எப்போதும் நல்லது. மஞ்சள் எழுத்தை வெள்ளையிலும், சிவப்பு எழுத்தைப் பச்சையிலும் போட வேண்டாம்.

அழுத்தம்: முக்கியச் சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டுங்கள். புலனத்தில் சொல்லின் இரு பக்கமும் உடுக்குறி வைத்தால் தடித்துவிடும். அடிக்கோடு வேண்டாம், அது கு, து போன்ற எழுத்துகளின் காலை வெட்டும். திரையில் அடிக்கோட்டைப் பார்த்தால் இணைப்பு என்று நினைத்து அழுத்தவும் செய்வார்கள். பத்தி முழுவதையும் தடித்த எழுத்தாக்கினால் எதுவுமே முக்கியமாகத் தெரியாது.

கோப்பு: ஏ4 பி.டி.எஃப். கோப்பு அச்சிடுவதற்கு நல்லது. கைப்பேசியில் அதை இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். அச்சிட ஒன்று, வாசிக்க நேரடி எழுத்தாக ஒன்று என இரண்டாகக் கொடுத்தால் நல்லது. கூகுள் டாக்ஸில் பக்க எல்லை இல்லாத "பேஜ்லெஸ்" அமைப்பும் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு சொல்

குறிப்பு எண்ணிட்டு, துண்டு துண்டாக இருப்பது நீங்கள் நினைவில் வைப்பதற்கு. விடைத்தாளில் கட்டுரையை அப்படி எழுதக் கூடாது. அங்கே கருத்து, விளக்கம், சான்று எல்லாம் முழு வாக்கியங்களாகி, "மேலும்", "இதனால்", "இருப்பினும்" போன்ற இணைப்புகளோடு பத்தியாக வர வேண்டும். குறிப்பில் உள்ள மூன்று வரியை எடுத்து, நோட்டில் கையால் ஒரு பத்தியாக்கிப் பழகுங்கள். வாசித்தது உங்களுடையதாக மாறுவது அந்த இடத்தில்தான்.

இதனால் ஆசிரியர்களுக்கும் ஒரு வேலை கூடுகிறது. கட்டுரைக் குறிப்புகளைத் துண்டுகளாகக் கொடுக்கும்போது, அவற்றைக் கொண்டு எழுதிய மாதிரிப் பத்தி ஒன்றையும் கீழே சேர்த்துவிடுங்கள். குறிப்பு எப்படி விடையாகிறது என்பதை மாணவர் கண்ணால் பார்க்கட்டும்.

அனுப்புவதற்கு முன் சரிபார்க்க

1. முதல் இரண்டு வரியிலேயே பாடம் என்ன என்பது தெரிகிறதா?
2. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்துதான் இருக்கிறதா?
3. வலிமிகும் இடங்களில் ஒற்று விடுபடாமல் இருக்கிறதா?
4. ஒருங்குறி எழுத்தா? ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா?
5. வரி இடைவெளி, இட ஓரம், நிறம் சரியா?
6. துண்டுக் குறிப்போடு மாதிரிப் பத்தி இருக்கிறதா?
7. உங்கள் கைப்பேசியில் திறந்து, பெரிதாக்காமல் வாசிக்க முடிகிறதா?

ஏழாவதுதான் முக்கியம். கணினியில் தயாரித்ததைக் கணினியிலேயே பார்த்து அனுப்பிவிட்டால் மாணவரின் சிரமம் நமக்குத் தெரியாது. எல்லாக் கோப்பையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மாணவர்கள் திரும்பத் திரும்பச் சந்தேகம் கேட்கும் குறிப்பு ஒன்றை இந்த வாரம் எடுத்துத் திருத்திப் போடுங்க. அடுத்த வகுப்பில் வரும் கேள்விகள் மாறியிருக்கிறதா என்று கவனியுங்க. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டவர்கள் "ஏன் அப்படி?" என்று கேட்கத் தொடங்கினால் குறிப்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள்.